பிணத்தைக் கீறியவன்: சேர்வராயன் மலையிலிருந்து எகிப்தைப் படித்தல்

கி.மு. 60 வாக்கில் எகிப்துக்குப் போன தியோதோரஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், அங்கே பிணத்தைப் பதப்படுத்துகிற முறையை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் எழுத்தர் ஒருவர் வருவார். பிணத்தின் இடது விலாப்பக்கம் எவ்வளவு தூரம் கீற வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிறகு கீறுகிறவன் வருவான். எத்தியோப்பியக் கல்லில் செய்த கத்தியால் அந்தக் கோட்டின் மேலேயே கீறுவான். கீறி முடித்த அந்த நிமிசமே ஓட்டம் பிடிப்பான். சுற்றி நின்றவர்கள் கல்லெடுத்து வீசிக்கொண்டும் சாபம் விட்டுக்கொண்டும் அவனைத் துரத்துவார்கள். அவனுக்குப் பின்னால் வந்து குடலை எடுத்துக் கழுவித் தைலம் பூசுகிறவர்களுக்கோ ஏகப்பட்ட மரியாதை. அவர்கள் பூசாரிகளோடு பழகலாம், கோயிலுக்குள் தடையில்லாமல் போகலாம். கோடு போட்டவனுக்குக் குற்றமில்லை. குடலை எடுத்தவனுக்கும் குற்றமில்லை. கத்தி வைத்தவன் மட்டும் தீட்டு.

இதைப் படித்தபோது எகிப்து எனக்குத் தூரதேசமாகத் தெரியவில்லை. வெட்டியான் குழி வெட்டாமல், பறையடிக்க ஆள் வராமல் எந்த ஊரில் சாவு எடுக்கிறார்கள்? காரியம் முடிந்த மறுநாள் அவனை யார் திண்ணையில் உட்கார வைக்கிறார்கள்?

நான் இருப்பது ஏற்காட்டில், ஒரு காப்பி எஸ்டேட் லைனை ஒட்டி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. செடியைக் கொண்டுவந்தவர் பேர் இருக்கிறது. காடு வெட்டினவர், குழி தோண்டினவர், பழம் பறித்தவர் பேர் இல்லை. மலையில் ஏற்கெனவே மலையாளிப் பழங்குடி மக்கள் இருந்தார்கள். எஸ்டேட் வேலைக்குச் சமவெளிச் சேரிகளிலிருந்து எங்க சனம் மேலே ஏறினது. எங்காயாவோட ஆயா அப்படி ஏறினவதான்.

எங்காயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எகிப்து தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்ட எகிப்து. வைக்கோல் கொடுக்காமலே செங்கல் கணக்கு மட்டும் கேட்ட பார்வோன், முதுகில் அடிக்கிற ஆளோட்டி, கடல் பிளந்து வழிவிட்டது எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்லும். "பார்வோன்னா தொர. ஆளோட்டின்னா நம்ம மேஸ்திரி. அவ்வளவுதாண்டி" என்று விளக்கவுரையும் தரும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த எகிப்து வேறு. பிரமிடு, மம்மி, துத்தன்காமுன் தங்க முகமூடி. அந்தப் பாடத்தில் ராசாவைத் தவிர வேறு ஆளே இல்லை.

இந்த இரண்டு எகிப்துக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. கடந்த நாற்பது வருசத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எகிப்தியக் கலையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அழகு, பிரம்மாண்டம் என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நாம் கையிலிருந்து ஆரம்பிப்போம்.

எகிப்திய அரச கலையின் தொடக்கம் என்று எல்லோரும் காட்டுவது நார்மர் பலகை. கி.மு. 3100 வாக்கில் செய்தது. ஹியராகோன்போலிஸ் என்ற இடத்தில் 1898 வாக்கில் தோண்டியெடுத்தார்கள். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளமான கல் பலகை. ஒரு பக்கம் அரசன் தடியை ஓங்கிக்கொண்டு எதிரியின் மயிரைப் பிடித்து நிற்கிறான். இன்னொரு பக்கம் தலை வெட்டப்பட்ட பத்து உடல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வெட்டின தலைகளை அவரவர் காலுக்கிடையிலேயே வைத்திருக்கிறார்கள். எழுத்தும் அரசும் கலையும் ஒரே நாளில் பிறந்த மாதிரி இருக்கிறது, பிறந்தபோதே ரத்தத்தோடு.

என் கண் போன இடம் வேறு. அரசன் வெறுங்காலோடு நிற்க, பின்னால் சின்னதாக ஒருத்தன் அவனுடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஐயாயிரம் வருசத்துக்கு முந்தின ராச சித்திரத்தில் செருப்புத் தூக்கி! அவசரப்பட்டு அவனை நம்மாளு என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே செருப்புத் தூக்குவது அரசனுக்கு மிக நெருக்கமான, பெருமைக்குரிய பதவி. நம்ம ஊரில் செருப்புத் தைத்தவனே தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரே பொருள், இரண்டு சமூகத்தில் இரண்டு அர்த்தம். எகிப்தைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை கடைசிவரை வேண்டும். அங்கே இருந்தது வர்க்கம், பதவி, அடிமைத்தனம். வேதம் எழுதி வைத்துப் பிறப்பால் பூட்டின சாதி அல்ல. ஆனால் தீட்டு என்கிற நினைப்பு அங்கேயும் தலை காட்டுகிறது. கி.மு. 450 வாக்கில் எழுதிய ஹெரோடோட்டஸ், பன்றி மேய்க்கிறவர்கள் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழைய முடியாது, அவர்களுக்கு யாரும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை, அவர்களுக்குள்ளேயே கட்டிக்கொள்கிறார்கள் என்கிறார். பன்றி மேலே பட்டுவிட்டால் உடுத்தின துணியோடு ஆற்றில் இறங்கி முழுகுவார்களாம். இது அப்படியே உண்மையா, கிரேக்கர் கேட்ட கதையா என்று ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். சண்டைக்கு நடுவே ஒரு தொல்லியல் சான்று: அமர்னா நகரத்துக்கு வெளியே இருந்த தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டியபோது வரிசையாகப் பன்றிக் கொட்டில்கள் கிடைத்தன. அரசனுக்குக் கல்லறை வெட்டினவர்கள் பன்றி வளர்த்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

லைனில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒருநாள் எகிப்து ஓவியங்களின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "ஏங்கா இவங்க எல்லாம் மூஞ்சிய ஒரு பக்கமும் ஒடம்ப ஒரு பக்கமும் வெச்சிட்டு நிக்கறாங்க? கழுத்து வலிக்காதா?" என்றது. நல்ல கேள்வி. பழைய அரசு காலத்தில், அதாவது கி.மு. 2700 முதல் 2200 வரையில், அந்த விதி கெட்டிப்பட்டது. முகம் பக்கவாட்டில், கண் நேர்ப்பார்வையில், தோள் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் அது தெளிவாகத் தெரிகிற கோணத்தில் காட்ட வேண்டும். ஏனென்றால் அது பார்ப்பதற்கான படமல்ல, செத்தவர் மறுவுலகில் பயன்படுத்தப்போகிற உடம்பு. அளவும் விதிப்படிதான். பிற்காலத்தில் சுவரில் கட்டம் போட்டு, உள்ளங்காலிலிருந்து நெற்றி முடிவரை 18 கட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். எசமான் பெரிசு, பெண்டாட்டி அதைவிடச் சின்னது, வேலைக்காரர்கள் முழங்கால் உயரம். ஆண் செம்மண் நிறம், பெண் வெளிர் மஞ்சள். வெயிலில் இறங்காத பெண் என்பதைக் காட்டத்தான் அந்த மஞ்சள். பழம் பறிக்கிற எங்கம்மாவை எகிப்தியன் வரைந்திருந்தால் எந்த நிறத்தை எடுத்திருப்பான்?

ஆனால் இந்த விதி எசமானுக்குத்தான் இறுக்கம். அதே சுவரில் கீழ் வரிசையில் மீன் பிடிக்கிறவன், மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவன், ரொட்டி சுடுகிறவள், படகில் நின்று கம்பால் அடித்துக்கொள்கிறவர்கள் எல்லாம் வளைந்து, குனிந்து, திரும்பி உயிரோடு இருக்கிறார்கள். சக்காராவில் மெரெருகா என்ற பெரிய அதிகாரியின் கல்லறையில், வரி கட்டாத ஊர்த் தலைவர்களை இழுத்து வந்து எழுத்தர்கள் முன்னால் அடிக்கிற காட்சி இருக்கிறது. எசமானுக்கு அது பெருமை. நமக்கு அது சாட்சியம். 1860இல் காஅப்பெர் என்பவரின் மரச்சிலையைத் தோண்டி எடுத்தபோது, தோண்டின கூலியாட்கள் "இது எங்க ஊர்த் தலைவரேதான்" என்று சிரித்தார்களாம். இன்றுவரை அந்தச் சிலைக்கு 'ஷேக் எல்-பெலெத்', ஊர்த் தலைவர், என்றே பேர். கூலியாள் வைத்த பேர் உலக அருங்காட்சியகக் கலையில் நிலைத்தது எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான்.

பிரமிடுக்கு வருவோம். கூஃபுவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் முடிந்தது; சுமார் 23 லட்சம் கல், 146 மீட்டர் உயரம். கட்டினது யார்? சவுக்கடி பட்ட அடிமைகள் என்று சினிமா சொல்லிற்று. 1990இல் கீசாவில், பிரமிடைக் கட்டினவர்களின் கல்லறைகளே கிடைத்தன. ராசாவின் கல்லறைக்குக் கூப்பிடு தூரத்தில், மண் செங்கல்லும் மிச்சக் கல்லும் வைத்துக் கட்டின சின்னச் சின்னக் கல்லறைகள். எலும்பில் முதுகுத் தேய்மானம், முட்டித் தேய்மானம். முறிந்த கை எலும்பை நேராக வைத்துக் கட்டி, ஆறியிருக்கிறது. வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கற்களில் வேலைக் குழுக்கள் தங்கள் பேரைக் கிறுக்கி வைத்திருக்கின்றன: 'கூஃபுவின் நண்பர்கள்', 'மென்கௌரேயின் குடிகாரர்கள்'. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் அதைவிடப் பெரிய சங்கதி கிடைத்தது. மெரெர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு. தன் ஆட்களோடு தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கு. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. உலகத்தில் இதுவரை கிடைத்த எழுதின பாப்பிரஸ் தாள்களில் இவைதான் மிகப் பழையவை. புனித நூலும் இல்லை, ராசா புகழும் இல்லை. லோடு அடிச்ச கணக்கு.

எங்காயாவிடம் இதைச் சொன்னேன். பிரமிடைக் கட்டினது இஸ்ரவேலர் இல்லை, அந்தக் கதைக்கு ஆயிரம் வருசத்துக்கும் முன்னாடியே அது கட்டி முடிஞ்சிருச்சு, கட்டினவங்க அடிமையும் இல்லை, முறை வைத்து வேலைக்கு வந்த நாட்டுப்புறத்துச் சனம் என்றேன். "கூலி குடுத்தானா?" என்று கேட்டது. ரொட்டியும் பீரும் கொடுத்தான் என்றேன். "வரமாட்டேன்னு சொல்ல முடியுமா?" அது முடியாது என்றேன். "அப்பறம் என்னத்த அடிமை இல்லை" என்றது. அடிமை, கூலி என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத உழைப்பை எங்காயா புத்தகம் படிக்காமலே புரிந்து வைத்திருக்கிறது. பிற்காலத்து ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறையில் வெளிநாட்டுக் கைதிகள் செங்கல் அறுக்கிற ஓவியம் இருக்கிறது, பக்கத்திலேயே கம்போடு காவல் நிற்கிறவனும் இருக்கிறான். ஆக எங்காயாவின் எகிப்தும் பொய்யில்லை.

பழைய அரசு சிதைந்து, நூறு நூற்றைம்பது வருசக் குழப்பத்துக்குப் பிறகு கி.மு. 2050 வாக்கில் நடு அரசு வருகிறது. கலையில் இந்தக் காலத்தை நான் இரண்டே காரியத்துக்காக நினைவு வைத்திருக்கிறேன். ஒன்று, மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் 1920இல் கிடைத்த மரப் பொம்மைகள்: தறி நெய்கிறவள், மாவு அரைக்கிறவள், மாடு வெட்டுகிறவன், மாட்டைக் கணக்குக் காட்ட ஓட்டி வருகிறவன், பந்தலுக்குள் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவன். மறுவுலகத்துக்கும் ஒரு பண்ணை. பின்னாளில் இது இன்னும் முற்றிப்போய், செத்தவருக்குப் பதிலாக வேலை செய்ய 'உஷாப்தி' என்ற சின்னப் பொம்மைகளை வைத்தார்கள். வருசத்தில் நாளுக்கு ஒன்றாக 365. அவற்றை மேய்க்கப் பத்துக்கு ஒன்றாக, கையில் சவுக்கோடு 36 மேஸ்திரிப் பொம்மைகள். செத்த பிறகும் மேஸ்திரி!

இரண்டாவது, எழுத்தரின் திமிர். துவா-கேத்தி என்பவர் தன் மகனை எழுத்துப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது செய்கிற உபதேசமாக ஒரு நூல் உண்டு. உலையில் நிற்கிற கொல்லனின் விரல் முதலைத் தோல் போல இருக்கிறது, அவன்மேல் மீன் முட்டையைவிட மோசமாக நாறுகிறது. குயவன் பன்றியைவிட அதிகமாகச் சேற்றில் புரளுகிறான். வண்ணான் முதலைக்குப் பக்கத்தில் துணி துவைக்கிறான். செருப்புத் தைக்கிறவன் தோல் ஊறுகிற தொட்டியோடு தொட்டியாய்க் கிடக்கிறான். எழுத்தனுக்கு மட்டும் மேலே அதிகாரி இல்லை. இப்படிப் போகிறது. நூற்றாண்டுக் கணக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிப் பழக இதைத்தான் கொடுத்தார்கள். எம்.ஏ.வில் புறநானூறு படிக்கும்போது 'இழிசினன்', 'புலைத்தி' என்ற சொற்களைத் தாண்டி வகுப்பு வேகமாகப் போய்விடும். உவமை நயம் சொல்வார்கள், சொல்லின் பொருள் கேட்டால் குறிப்புரையைப் பார் என்பார்கள். துவா-கேத்தியைப் படித்தபோது அந்த வகுப்பறை ஞாபகம் வந்தது. எழுதுகிற கை, வேலை செய்கிற கையைப் பார்த்து முகம் சுளிக்கிறதை இலக்கியம் என்று எல்லா ஊரிலும் வைத்திருக்கிறார்கள்.

இப்புவெர் என்பவர் பேரில் ஒரு புலம்பலும் உண்டு. லெய்டன் அருங்காட்சியகத்தில் அதன் பாப்பிரஸ் இருக்கிறது. நாடு கெட்டுவிட்டது, ஒன்றுமில்லாதவன் செல்வனாகிவிட்டான், வேலைக்காரி வாய் பேசுகிறாள். சூத்திரன் உட்காருவான், அதுதான் கலியுகம் என்று நம்ம புராணக்காரர்கள் எழுதினதும் இதே ராகம். மேலே இருப்பவன் 'உலகம் தலைகீழாய்ப் போச்சு' என்று அழுகிற இடத்தில், கீழே இருந்தவனுக்கு என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

புதிய அரசின் காலம், கி.மு. 1550 முதல் 1070 வரை, கலையின் உச்சம் என்பார்கள். பேரரசு, தங்கம், ஹாட்செப்சுட் என்ற பெண் அரசர், அவர் செத்த பிறகு சுவரெங்கும் அவர் பேரைக் கொத்தி அழித்த வேலை. பேர் அழிந்தால் ஆள் இரண்டாவது தடவை சாகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. துத்தன்காமுனின் செருப்பில் அடி படுகிற பக்கம் நூபியரும் ஆசியரும் கட்டப்பட்ட கைதிகளாக வரையப்பட்டிருக்கிறார்கள். நடக்க நடக்க மிதிக்கலாம்.

அக்கெனாதெனைப் பற்றி நம் தோழர்கள் சிலருக்கு ஒரு மயக்கம் உண்டு. கி.மு. 1353 வாக்கில் பட்டத்துக்கு வந்தவன். பழைய தெய்வங்களின் பூசாரிக் கூட்டத்தை உடைத்தவன், சூரிய வட்டம் ஒன்றே தெய்வம் என்றவன், கலை விதிகளையும் உடைத்தவன். தொங்கின வயிறும் நீண்ட முகமுமாகத் தன்னையே வரையச் சொன்னான், மகளை மடியில் வைத்துக் கொஞ்சுவது போல வரையச் சொன்னான். துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் 1912இல் கிடைத்த நெஃபெர்திதியின் தலை இன்றும் பெர்லினில் இருக்கிறது. எல்லாம் சரி. அவன் பாலைவனத்தில் அவசரமாக எழுப்பின அமர்னா நகரத்தின் சாதாரண மக்களுடைய இடுகாட்டை 2006 முதல் தோண்டினார்கள். வளர்ச்சி குன்றின எலும்புகள், சுமை தூக்கி நொறுங்கின முதுகெலும்புகள். வடக்குப் பக்கம் இன்னொரு இடுகாட்டில் பெரும்பாலோர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அந்த வயதில் சாகிற வயதா? கல் சுமந்த பிள்ளைகள். பூசாரியை எதிர்த்த அரசன் எல்லாம் சனங்களின் அரசன் இல்லை. இதை நாம் இங்கேயும் பார்த்திருக்கிறோம், பார்த்துக்கொண்டும் இருக்கிறோம்.

எனக்குப் பிடித்த ஊர் தெய்ர் எல்-மதீனா. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளை வெட்டி வரைந்த கொத்தர்களும் ஓவியர்களும் நானூறு வருசத்துக்கு மேல் வாழ்ந்த சின்ன ஊர். மதிலுக்குள் எழுபதை எட்டாத வீடுகள். நம்ம லைன் வீடு மாதிரியே ஒட்டி ஒட்டி. ஆளுக்கு மாதம் நாலு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் கூலி; மேஸ்திரிக்கு ஐந்தரையும் இரண்டும். அவர்கள் ஓட்டுச் சில்லிலும் கல் சில்லிலும் எழுதிப்போட்ட ஆயிரக்கணக்கான குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கல் சில்லு இருக்கிறது, இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு. அப்பட்டமான செக்ரோல். நாற்பது ஆள் பேர், யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை: கண் வலி, தேள் கடி, பீர் காய்ச்சினான், செத்த சொந்தக்காரருக்குக் காரியம், பெண்டாட்டி வீட்டுக்கு விலக்கு, மேலதிகாரியின் சொந்த வேலைக்குப் போனான். அந்தக் கடைசிக் காரணத்தைப் படித்துவிட்டு லைனில் எல்லோரும் சிரித்தார்கள். பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றப் போனவர்கள் அவர்கள்.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கில், கூலித் தானியம் வரவில்லை. மாதம் பிறந்து பதினெட்டு நாளாகிவிட்டது, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையாட்கள் இடுகாட்டு மதில்களைத் தாண்டி வெளியே வந்து மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் உட்கார்ந்தார்கள். இரண்டாம் ராம்சேஸின் கோயில் வரைக்கும் போய் உட்கார்ந்தார்கள். கோயில் களஞ்சியத்தில் தானியம் குவிந்து கிடந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். உணவும் இல்லை, துணியும் இல்லை, எண்ணெயும் இல்லை, மீனும் இல்லை, பார்வோனுக்கு எழுது என்று சொல்லி, பாக்கியை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பிறகும் பாக்கி விழுந்தது, பிறகும் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் இது. அதன் பாப்பிரஸ் இத்தாலியில் தூரின் நகரத்தில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் தங்களுக்கும் கல்லறை வெட்டி வரைந்துகொண்டார்கள். 1886இல் திறந்த சென்னெஜெம் கல்லறையில் அவனும் பெண்டாட்டியும் மறுவுலக வயலில் வெள்ளை வெளேரென்ற உடையில் கதிர் அறுக்கிறார்கள். சொர்க்கத்திலும் வேலைதான், ஆனா வெள்ளைத் துணியோட. கல் சில்லில் விளையாட்டாக வரைந்தவையும் உண்டு: எலி அம்மணி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பூனை கைகட்டிச் சேவகம் செய்கிறது.

இந்த ஊரைக் கொண்டாடும்போது மதிலுக்கு வெளியே இருந்தவர்களை விட்டுவிடக் கூடாது. தண்ணீர் அந்த ஊரில் கிடையாது. நைல் பக்கமிருந்து கழுதையில் ஏற்றிச் சுமந்து வந்த தண்ணீர்க்காரர்கள், துணி வெளுத்தவர்கள், விறகு வெட்டினவர்கள், குயவர்கள் எல்லாம் 'செமெதெத்', அதாவது ஊழியக்காரர்கள், என்ற தனிக் கணக்கில் வெளியே இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி இன்னும் குறைவு. மாவு அரைக்க அடிமைப் பெண்களை வீடுவீடாக முறை வைத்து அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் செய்தவனுக்கும் கீழே ஒருத்தன், அவனுக்கும் கீழே ஒருத்தி. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை நாம் இங்கேயிருந்து கற்றுக்கொண்டோம், அதனால் அங்கேயும் கண்ணில் படுகிறது.

அடுத்த ஆயிரம் வருசத்தை வேகமாகத் தாண்டிவிடலாம், ஒரு நிறுத்தத்தோடு. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து கறுப்பின நூபிய அரசர்கள் வந்து எகிப்தை ஆண்டார்கள். தஹர்கா (கி.மு. 690 - 664) அவர்களில் பெரியவன். இவர்களை முன்வைத்தும், மொத்த எகிப்தையே முன்வைத்தும், நாங்களும் ஆண்டவர்கள் என்று ஆப்பிரிக்க, அமெரிக்கக் கறுப்பின அறிஞர்கள் எழுதினார்கள். செனெகலின் ஷேக் அந்தா தியோப் 1954இல் எழுதின புத்தகம் அதில் முக்கியமானது. வெள்ளையன் திருடி வைத்துக்கொண்ட வரலாற்றைத் திரும்பக் கேட்டது நியாயம். நம்ம பக்கமும் 'ஆண்ட பரம்பரை' பேச்சு இருக்கிறது. அதில் எனக்கு ஒட்டுதல் இல்லை. தஹர்காவுக்கும் செருப்புத் தூக்க ஆள் இருந்திருப்பான். ராசாவைத் தேடிப் போகிறவர்கள் போகட்டும், நான் செக்ரோலைத் தேடுகிறேன்.

எகிப்திய எழுத்தைத் திறந்த சாவி என்று கொண்டாடுகிற ரொசெட்டா கல் (1799இல் கிடைத்தது, 1822இல் ஷாம்போலியன் படித்தார்) உண்மையில் என்ன? கி.மு. 196இல் மெம்பிஸ் நகரப் பூசாரிகள், கோயிலுக்கு வரிச் சலுகை கொடுத்த ஐந்தாம் தாலமிக்கு எழுதிக்கொடுத்த பாராட்டுப் பத்திரம். கலகக்காரர்களை அவன் தண்டித்ததும் அதில் புகழாக இருக்கிறது. அந்த நேரத்தில் மேல் எகிப்தே கிரேக்க ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து தனி அரசர்களை வைத்துக்கொண்டிருந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் கலகம் தெரிவதில்லை.

ரோமர் காலத்தில் ஃபாயும் பகுதியில் மம்மி மேல் பதித்த மெழுகு ஓவிய முகங்கள் வருகின்றன. முகம் நேராகத் திரும்பி நம்மைப் பார்க்கிறது. அந்தக் காலத்தில்தான் நம்மவர்களும் அங்கே போய்ச் சேருகிறார்கள். செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் எழுதியிருந்ததை 2007இல் ஐராவதம் மகாதேவன் படித்தார்: 'பானை ஒறி'. உறியில் தொங்கவிட்ட பானை. இதே துறையில் முன்பு கணன், சாதன் என்ற பேர்களும் கிடைத்திருந்தன. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களிலேயே தமிழ் பிராமிக் கீறல்களை அண்மையில் அடையாளம் கண்டிருக்கிறார்கள், கொற்றன் என்று ஒருத்தன் பேர் எழுதிவிட்டு வந்திருக்கிறான். எகிப்துக்குப் போன தமிழ் என்றதும் மேடைகளில் வணிகம், பெருமை, கடல் கடந்த வீரம் என்று பேசுகிறார்கள். எனக்கு அந்த ஒறி போதும். எங்க லைனில் எலிக்கும் எறும்புக்கும் பயந்து குழம்புச் சட்டியைத் தொங்கவிடுகிற அதே கயிறு.

மிளகும் போயிருக்கிறது. கி.மு. 1213இல் செத்த இரண்டாம் ராம்சேஸின் மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில் ஏழரைக் கிலோ மிளகோடு இந்தியப் பானை ஒன்று கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மிளகு அது. இன்றைக்கு ஏற்காட்டிலும் காப்பிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். ஏணி சாத்தி ஏறிப் பறிக்கிறது நம்மாளுங்க. பார்வோன் மூக்குவரை போன மிளகைப் பறித்தவன் பேர் எந்த ஓட்டிலும் இல்லை.

இந்த மலையிலும் கல் சாட்சி இருக்கிறது. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துத் தீட்டின கல் கோடாரிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மலையாளி மக்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிடுவதை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கோடாரியை அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில்தான் குடியிருந்தார். அவர் நினைவுக்கல் இங்கே திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. அவர் சேர்த்த கற்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. பாறையைப் பலகையாகப் பிளந்து நாலு பக்கம் நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றின பெருங்கற்காலக் கல்லறைகளும் சேலம் மாவட்டத்து மலைகளில் உண்டு. கூஃபுவின் கல்லைத் தூக்கினதற்கும் இந்த மூடுகல்லைத் தூக்கினதற்கும் கணக்கு ஒன்றுதான்: கயிறு, கட்டை, மண்மேடு, நிறையத் தோள். அங்கே ஒரு மெரெர் எழுதி வைத்தான். இங்கே எழுதவில்லை. கேட்டால் பாண்டவர் கட்டினது என்பார்கள், வனவாசம் வந்தவன் எல்லாக் கல்லையும் அவனே தூக்கின மாதிரி.

மாலை வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார்கள். லைனில் இருந்து செத்துப்போனவர்களின் பேர், செய்த வேலை, எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள் என்பது மூன்று பத்தி. நாலாவது பத்தி அந்தக் கல் சில்லைப் பார்த்து அவர்களாகச் சேர்த்தது: வேலைக்கு வராத நாள், காரணம். எங்காயாவே உட்கார்ந்து எழுதச் சொல்லிற்று. அதன் ஆயாவுக்கு நேரே இப்படி இருக்கிறது: பழம் பறிப்பு. ஆத்தூர்ப் பக்கம். இரண்டு நாள் வரவில்லை. பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் வந்தாள்.